தொட்டி நிறையத் தீர்த்தம்

என் மகளுக்கு மழை ஆகாது. சளி பிடிக்கும் என்பதால் அல்ல. ஒரு துளி உடம்பில் பட்டால் போதும், ஊசி குத்தினாற்போலக் கத்துவாள். மன்னாரில் வருடத்தில் பாதிக்கு மேல் மழையே எட்டிப் பார்ப்பதில்லை என்பதற்காக ஆண்டவருக்கு நான் தனியாக நன்றி சொல்வதுண்டு. அதே பிள்ளை, கிணற்றடியில் வலை ஊறப்போடக் கட்டிய சீமெந்துத் தொட்டியில் தண்ணீர் நிரப்பிவிட்டால், கழுத்துவரை இறங்கி இருந்துகொண்டு வெளியே வரமாட்டேன் என்பாள். துளிதான் அவளுக்குப் பகை, தண்ணீர் அல்ல. இதைக் கண்டுபிடிப்பதற்குள் எனக்குச் சில வருடங்கள் போய்விட்டன. வாளியால் அள்ளி வார்க்க அவள் கத்த, அவளுக்கு மேலால் நான் கத்த, அயலட்டை எல்லாம் நான் பிள்ளையை அடிக்கிறேன் என்று நினைத்த வருடங்கள் அவை.

மாதத்துக்கு ஒருதரம் வெளியூரிலிருந்து எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கு வந்து பார்க்கும் டொக்டர் அதை ஓட்டிசம் என்றார். தலையை வெட்டி வெட்டித் திருப்புவது, கண்ணை விடாமல் சிமிட்டுவது, தொண்டைக்குள்ளிருந்து காகம் துரத்துவதுபோல "ஹூய்" என்று ஒரு சத்தம் கிளம்புவது, இவற்றையும் சொன்னேன். அது ரூரெட் என்கிற வேறொன்றாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், கொழும்புக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள் என்றார். கொழும்பாம்! நான் மன்னார் பஸ் நிலையத்தைக் கண்டே எத்தனையோ மாதம் ஆகியிருந்தது.

என் கணவர் மீன்பிடிக் காலத்தில் அரிப்பு என்ற ஊர்ப் பக்கம் வாடி போட்டுத் தங்குகிறவர். கடற்கரையில் கிடுகுக் கொட்டில் அடித்து, அந்தக் காலம் முடியும்வரை அங்கேயே சமைத்து அங்கேயே படுப்பார்கள், அதுதான் வாடி. சனிக்கிழமை வருவார், ஞாயிறு பூசை கண்டுவிட்டுப் போய்விடுவார். மிச்ச நாள் முழுக்க நானும் மகளும்தான். படலையை உள்ளால் பூட்டி வைப்பேன். பூட்டாவிட்டால் றோட்டுக்கு ஓடுவாள். றோட்டில் முருங்கன் ஊருக்குப் போகிற பஸ் வரும், பஸ் என்றால் அவளுக்கு உயிர். கொண்டக்டர் கத்துவதை அப்படியே திருப்பிச் சொல்லுவாள். சாப்பிடுகிறாயா என்று கேட்டால், "முருங்கன் முருங்கன், ஏறுங்கோ ஏறுங்கோ" என்பாள். பசி என்றாலும் அதுதான், வயிற்றுக்குத்து என்றாலும் அதுதான். குரல் ஏறி இறங்குவதை வைத்து எது என்று பிரித்துக்கொள்வேன். கக்கூசுக்குப் போனால்கூடக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டுதான் இருக்கவேண்டும். இரவில் அவள் எப்போது எழும்புவாள் என்று தெரியாததால் நான் படுப்பது பெயருக்குத்தான். கன்னியாஸ்திரிமார்கூட மடத்தை விட்டு இடைக்கிடை வீட்டுக்குப் போய்வருகிறார்கள். எனக்கு அந்த லீவும் இல்லை.

காலம் தொடங்குமுன் கடற்கரையில் வள்ளங்களை மந்திரிப்பது எங்கள் வழக்கம். மந்திரிப்பது என்றால் செய்வினை சூனியம் அல்ல. பங்குச் சுவாமி வந்து செபம் சொல்லி, வள்ளம், வலை, என்ஜின், பக்கத்தில் நிற்கிற சனம் என்று எல்லாவற்றுக்கும் தீர்த்தம் தெளித்து ஆசீர்வதிப்பார். குடும்பமாக வள்ளத்தடியில் நிற்கவேண்டும் என்று என் கணவருக்கு ஆசை. ஒருமுறை மகளையும் கூட்டிப்போனேன். சுவாமி கையை வீசினார். நாலு துளி அவளுடைய கன்னத்தில் பட்டது. "ஹூய், ஹூய்" என்று கடற்கரை முழுக்கக் கேட்கக் கத்தி, மணலில் விழுந்து, வள்ளத்தின் பலகையில் தலையை மோதினாள். "பிள்ளைக்குத் தண்ணி கூசுது போல, பிடியுங்கோ" என்று சுவாமி சொன்னார். அதை ஒருவரும் காதில் வாங்கவில்லை. தீர்த்தம் பட்டதும் பிள்ளை துள்ளியது என்பதை மட்டும் எல்லோரும் கண்டார்கள்.

அந்த முறை கடலில் மீன் எல்லோருக்கும்தான் குறைந்தது. ஆனால் எங்கள் வள்ளத்துக்குத்தான் காரணம் கையோடு கிடைத்தது.

என் கணவரின் அக்கா, எனக்கு மச்சாள், கெட்டவர் அல்ல. கெட்டவராக இருந்தால் படலையைத் திறக்காமலே விட்டிருப்பேன். மீன் குழம்பு கொண்டு வருவார், என் முகத்தைப் பார்த்து உச்சுக்கொட்டுவார். அவருக்கு எங்கள்மேல் உண்மையான இரக்கம். அதுதான் பெரிய கரைச்சல்.

"தீர்த்தத்துக்கு ஏன் துள்ளுறாள், சொல்லு பாப்பம்" என்றார்.

"மழைக்கும்தான் துள்ளுறாள், மச்சாள்."

"மழை எண்டால் நனையுது, துள்ளுறாள். நாலு துளித் தீர்த்தத்துக்கு நனைஞ்சே துள்ளினவள்?"

தீவுக்கு வெளியே, பெருநிலப் பக்கம் ஒரு செபவீடு இருப்பதாகவும், இப்படியான பிள்ளைகளைத் தவக்காலம் நாற்பது நாளும் வைத்திருந்து செபித்து அனுப்புவதாகவும் சொன்னார். தாய் கூட நிற்கக்கூடாதாம். தாயைக் கண்டால் அது இறங்காதாம். "அது" என்பதைச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்தினார்.

என் கணவர் கதிரையில் குனிந்தபடி இருந்தார். "அக்கா சொல்லுறதையும் ஒருக்காச் செய்து பாப்பமே. பாக்காமல் விட்டனாங்கள் எண்டு பிறகு இருக்கக்கூடாது" என்றார்.

நான் வெகுண்டு எழும்பி மறுத்திருப்பேன் என்று நினைப்பீர்கள். மறுக்கவில்லை. மகளின் சட்டைகளை மடித்து ஒரு பையில் வைத்தேன். மடிக்க மடிக்க என் மனம் வேறெங்கோ போனது. தவக்காலம் முழுக்க ஒரு கதவைச் சாத்திவிட்டுப் படுக்கலாம். கடைத்தெருவுக்குப் போய் ஒன்றும் வாங்காமல் நடக்கலாம். பஸ்ஸில் யன்னல் கரையில் இருந்துகொண்டு, எவளுடைய கையையும் இறுக்கிப் பிடிக்காமல், சும்மா வெளியே பார்க்கலாம். எனக்கு அந்த நித்திரை வேண்டியிருந்தது. தண்ணீர் விடாய் மாதிரி வேண்டியிருந்தது.

தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனுக்கு முந்தின சனிக்கிழமை பகல், வான் வந்து நின்றது. செபவீட்டை நடத்துகிற அம்மா வெள்ளைச் சேலையோடு இறங்கினார். என்னைவிட மூத்தவர், மெதுவாகக் கதைப்பவர். கொண்டுபோகுமுன் இங்கேயே ஒருமுறை செபித்துப் பார்க்கவேண்டும் என்றார். மச்சாளும் கணவரும் முழங்காலில் இருந்தார்கள். நான் மகளைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

"நீ ஆர்?" என்று அந்த அம்மா அவளைப் பார்த்துக் கேட்டார்.

"நீ ஆர்?" என்றாள் மகள், அதே குரலில், அதே இழுவையோடு.

மச்சாள் நெஞ்சில் சிலுவை அடையாளம் போட்டார்.

"உண்மையைச் சொல்லு. எங்கையிருந்து வந்தனி?"

"முருங்கன் முருங்கன், ஏறுங்கோ ஏறுங்கோ."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கினேன். அந்த அம்மா சிரிக்கவில்லை. தீர்த்தப் போத்தலைத் திறந்து கையில் ஊற்றி மகளின் முகத்தில் தெளித்தார். பிடித்திருந்த என் கையை அவள் கடித்தாள். கழுத்து வெட்டி வெட்டி இழுத்தது. தலை பின்னால் வந்து என் தாடையில் அடித்தது. "ஹூய்" என்பது நிற்காமல் வந்தது.

"பாத்தீங்களோ" என்றார் அந்த அம்மா. "மூண்டு நேரமும் விடாமல் தெளிச்சால் இறங்கிப்போடும்."

"அங்க கையைக் கட்டுவீங்களோ?"

"துணியாலதான் கட்டுறது, தங்கச்சி. நோகாது."

"அவள் கத்துவாளே."

"கத்துறது அவள் இல்லையே."

ஆறுதல் சொல்லத்தான் அவர் அப்படிச் சொன்னார். எனக்கோ உச்சந்தலையில் அடித்த மாதிரி இருந்தது. பிறந்த நாளிலிருந்து அந்தச் சத்தத்துக்குத்தான் நான் ஓடி வந்திருக்கிறேன். சோற்றுப் பானையை அடுப்பில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன், பாதிக் குளிப்பில் ஈரத்தோடு வந்திருக்கிறேன். அது அவள் இல்லை என்றால் நான் யாருக்கு ஓடினேன்? இவர்கள் அவளைக் கட்டி வைத்து மூன்று நேரமும் தெளிப்பார்கள். அவள் கத்துவாள். கத்துவது அவள் இல்லை என்று ஒருவரும் ஓடி வரமாட்டார்கள்.

"மச்சாள்" என்றேன். "உங்கட வீட்டில தீர்த்தம் குறைஞ்சால் என்ன செய்வீங்கள்?"

அவர் முழித்தார். "கிணத்துத் தண்ணி விட்டு நிரப்புவன். எல்லாரும் செய்யிறதுதானே."

"நிரப்பினதும் தீர்த்தம்தானே?"

"ஓம், பின்ன? அடியில கொஞ்சம் கிடந்தால் காணும்."

எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் அதுதான் நடக்கும். பாதி குறைந்ததும் கிணற்றுத் தண்ணீரை விட்டு நிரப்பி மறுபடி மாதா சுரூபத்தடியில் வைத்துவிடுவோம். அந்த அம்மாவைப் பார்த்தேன். அவரும் ஓம் என்று தலையாட்டினார்.

அவருடைய கையிலிருந்த போத்தலை வாங்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். தொட்டி விடியவே நிரப்பியிருந்தது. முழுப் போத்தலையும் அதற்குள் கவிழ்த்தேன். "எடியே, உனக்கென்ன விசரே!" என்று மச்சாள் கத்திக்கொண்டு பின்னால் ஓடி வந்தார். மகளைக் கூட்டி வந்து விட்டேன். சட்டையோடு காலை வைத்தாள், குந்தினாள், கழுத்துவரை இறங்கினாள். வெட்டி இழுத்த தலை மெல்ல மெல்ல நின்றது. "ஹூய்" என்பது இரண்டொரு தரம் வந்து ஓய்ந்தது. கன்னத்தைத் தொட்டி விளிம்பில் வைத்துக்கொண்டு, "முருங்கன் முருங்கன்" என்று தாலாட்டு மாதிரி முணுமுணுத்தாள்.

"பேய்க்குத் தீர்த்தம் ஆகாது எண்டீங்கள்" என்றேன். "கழுத்துவரைக்கும் தீர்த்தத்துக்குள்ளதான் இருக்கிறாள். வந்து பாருங்கோ."

அந்த அம்மா வந்து பார்த்தார். குனிந்து தண்ணீருக்குள் கையை விட்டு அளைந்தார். பிறகு விரல் நுனியால் ஒரேயொரு துளியை மகளின் நெற்றியில் சுண்டினார். "ஹூய்" என்று அவள் தலையை வெட்டி, முகத்தைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி எடுத்து, மறுபடி அமைதியானாள். ஏமாற்றுக்காரி அல்ல அவர். கண்டதைக் கண்டதாகவே சொல்லக்கூடிய மனுசி.

"இது பேய் இல்லை" என்றார்.

என் கணவர் கிணற்றுக் கட்டில் இருந்து அழுதார். எனக்கும் அழுகை முட்டியது. வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

அந்த அம்மா ஈரக்கையை எடுத்து என் தலையில் வைத்தார். "இது ஆண்டவர் உங்களுக்கெண்டு தந்த சிலுவை, தங்கச்சி. ஒருத்தரும் இறக்கேலாது. நீங்கள்தான் சுமக்கவேணும்."

"ஆமென்" என்றார்கள். மச்சாள்தான் உரக்கச் சொன்னார். என் கணவரும் சொன்னார், பெரிய பாரம் இறங்கினவர்போல.

வான் வெறுமனே திரும்பிப் போனது. மறுநாள் பூசை முடிய என் கணவர் வாடிக்குப் போனார். பையிலிருந்த சட்டைகளை எடுத்து மறுபடி அலுமாரியில் அடுக்கினேன். மகள் என்னோடு இருக்கிறாள், கட்டாமல் இருக்கிறாள். அந்த நிம்மதி பொய் இல்லை. ஆனால் அடுக்கி முடித்து நிலத்தில் இருந்தபோதுதான் நடந்தது என்ன என்று விளங்கியது. பேய் என்றால் ஓட்டுவதற்கு ஆட்கள் வருவார்கள். வான் பிடிப்பார்கள், முழங்காலில் இருப்பார்கள், தங்களோடு கொண்டுபோய் வைத்திருப்பார்கள். சிலுவை என்றால் கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். சிலுவைப்பாதையில்கூட ஐந்தாம் நிலையில் வழியால் போன ஒருவனைப் பிடித்து இழுத்து, யேசுவின் சிலுவைக்குத் தோள் கொடு என்று சொன்னார்கள். எங்கள் ஊரில் அந்த நிலையை வாசிக்கும்போது நாங்கள் எழும்பி முழங்காலிடுவதோடு சரி.

தவக்காலத்து முதல் வெள்ளிக்கிழமை, பின்னேரம், மச்சாள் கறுப்புச் சேலையோடு எங்கள் வீட்டைக் கடந்து கோயிலுக்குப் போனார். மகள் அன்று விடியப்புறம் தொடங்கி ஓயவில்லை. எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. வாளியைக் கவிழ்த்து அதில் ஏறி நின்று, வேலிக்கு மேலால் தலையை நீட்டிக் கூப்பிட்டேன்.

"மச்சாள், ஒருக்கா உள்ள வாங்கோவன். இவளைக் கொஞ்சம் பாத்துக்கொள்ளுங்கோ, நான் சும்மா ஒருக்காப் படுத்தெழும்புறன்."

அவர் நின்றார். என்னை அண்ணாந்து பார்த்தார். கண் கலங்கியிருந்தது. கோயில் வாசலில் போடுவதுபோலச் சிலுவை அடையாளம் போட்டார்.

"நீ குடுத்து வைச்சனி, பிள்ளை" என்றார். சிலுவைப்பாதைக்குப் பிந்தக்கூடாது என்று விறுவிறுவென்று நடந்துவிட்டார்.