களைய மனம் வராத தண்ணீர்

கோட்டாற்றில் எங்கள் தெருவுக்கு நான்கு நாளைக்கு ஒருமுறைதான் குழாய்த் தண்ணீர் வரும். சில வருடங்களுக்கு முன், சவூதியிலிருந்த என் கணவரின் ஏஞ்சல் மீன்களை நான்தான் பார்த்துக்கொண்டேன். புதிதாக இரண்டு மீன் வாங்கியபோது, அவர் போனில் சொன்னபடி மூன்று வாரம் தனியே இருக்கட்டும் என்று அவற்றை ஒரு வாளியில் விட்டேன்.

பத்தாம் நாள், பெரிய தொட்டியிலிருந்த பழைய மீன்களின் மேல் உப்புத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள். புது மீன்களோ வாளியை விட்டு வெளியே வரவேயில்லை. குழம்பிப்போய் அவரிடம் சொன்னேன்.

“ஏட்டி, வாளித் தண்ணிய மாத்தும்போ பழசை எங்க ஊத்துன?”

“பெரிய தொட்டியிலதான். கீழ கொட்டிக் களைய மனசு வரல்ல.”

“மீனைத் தனியா வச்சிட்டு, நோயைக் கொண்டுபோய் விட்டிருக்க. இனி தெனமும் பாதித் தண்ணிய மாத்திக் கல்லுப்பு போடு.”

குடிக்கப் பிடித்து வைத்த குடங்களும் தீர்ந்தன. தங்கை மகளின் காதுகுத்துக்குக்கூடப் போக முடியாமல், தண்ணீர் சுமந்தபடி இரண்டு வாரம் அந்தக் கண்ணாடித் தொட்டி முன் கிடந்தேன். மீன்களுக்கும் வெளியேற வழியில்லை, எனக்கும் இல்லை. தொட்டியிலிருந்த ஒன்பது மீன்களில் நான்குதான் பிழைத்தன.

இப்போதெல்லாம் புது மீன் இருக்கும் வாளித் தண்ணீரை வாசல் செம்பருத்திச் செடி மூட்டில்தான் கொட்டுகிறேன். குழாயில் காற்று மட்டும் வரும் நாளில் கை கூசத்தான் செய்கிறது. ஆனாலும் கொட்டிவிடுகிறேன்.