அம்மா தூங்கிய செபக்கூட்டம்

எங்கள் வீட்டுக் குக்கர் பரணுக்கு ஏறிய வருடத்தில்தான் எனக்குப் புது நன்மை, மாதா கோயிலில் முதல் தடவை நற்கருணை வாங்கும் சடங்கு. ஆவடி பக்கம் கோவில்பதாகையில் எங்கள் தெரு முழுக்கக் காலையில் விசில் சத்தம் கேட்கும். எங்கள் வீட்டில் மட்டும் அம்மா பானையில் சோறு வடித்துக்கொண்டிருப்பாள். வடித்த சோறுதான் உடம்புக்கு நல்லது என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்திருந்தாள். அதை நம்பி எதிர்வீட்டுக்காரர்களும் தங்கள் குக்கரை மூட்டை கட்டி வைத்துவிட்டார்கள். அம்மா பொய் சொன்னால் அவ்வளவு சுத்தமாக இருக்கும்.

உண்மையான காரணம் அப்பா. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் அவர் லேத் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு நாள் அங்கே கம்ப்ரசர் டேங்க் வெடித்தது. பக்கத்து மெஷினில் நின்ற அவருடைய சிநேகிதர் அந்த இடத்திலேயே போய்விட்டார். அப்பா கொண்டுபோகும் மீன் குழம்பில் பாதி தினமும் அவருக்குத்தான் போகும். அப்பாவுக்கு ஒரு கீறல் கூட இல்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாரும் மாதா காப்பாற்றிவிட்டாள் என்றார்கள். அன்றோடு அப்பாவின் பேச்சே குறைந்துபோனது.

குக்கர் விசில் அடித்தால் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்வார். யாராவது கதவை அறைந்து சாத்தினால் வேர்த்துக் கொட்டிவிடும். பட்டறைப் பக்கம் போவதே நின்றுபோனது. அம்மா ஏற்றுமதி கம்பெனிக்குத் தையல் வேலைக்குப் போக ஆரம்பித்தாள். அவள் கண்ணுக்குக் கீழே கறுப்பாக இருக்கும். நான் மை கலைந்திருக்கிறது என்று நினைத்துத் துடைத்துவிடப் பார்ப்பேன். ஒரே அறையில்தான் மூன்று பேரும் படுப்போம், அம்மா நடுவில். நானோ படுத்தால் இடி விழுந்தாலும் எழுந்திருக்காத பிள்ளை. பள்ளிக்கூடத்தில் அதைப் பெரிய சாதனையாகச் சொல்லிக்கொண்டு திரிவேன்.

என் கவலை வேறு. எங்கள் கோயிலில் புது நன்மை வாங்கும் பிள்ளையை ஒரு பக்கம் அப்பாவும் மறு பக்கம் அம்மாவும் மெழுகுவர்த்தி பிடித்து, பீடம் வரை நடத்திக்கொண்டு போகவேண்டும். வாசலில் பேண்டு அடிப்பார்கள், சரவெடி வைப்பார்கள், உள்ளே மணி அடிக்கும். அப்பாவோ கோயில் கேட்டைத் தாண்டியே பல மாதமாகியிருந்தது. அப்பா வராவிட்டால் அந்தப் பக்கம் மாமா நிற்கட்டும் என்று மறைக்கல்வி டீச்சர் சொன்னார். எனக்கு மாமா வேண்டாம். வெள்ளை கவுன் கூட எனக்கு முக்கியமில்லை, அப்பா வந்தால் போதும் என்று மாதாவிடம் வேண்டிக்கொண்டேன். அது பொய், கவுனும் முக்கியம்தான். ஆனால் அப்பா அதைவிட முக்கியம்.

அம்மா சும்மா இருக்கவில்லை. அரசு ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரிடம் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனாள். மாத்திரை கொடுத்தார், அடிக்கடி வந்து பேசிவிட்டுப் போகச் சொன்னார். அப்பா ஓரளவு தேறினார். தெருவில் கேட்டவர்களுக்கு அம்மா சொன்ன பதில், அவருக்கு வயிற்றில் கேஸ் தொந்தரவு. எங்கள் சொந்தக்காரர்களுக்கு மனசு சரியில்லை என்று தெரிந்தால் போதும், கீழ்ப்பாக்கம் என்று ஒரே வார்த்தையில் ஆளை முடித்துவிடுவார்கள்.

அந்தச் சமயத்தில்தான் கோயிலுக்குப் பின்னால் இருந்த கன்னியர் மடத்துக்கு ஒரு சிஸ்டர் மாற்றலாகி வந்தார். கடலோர ஊர்களில் சேவை செய்தபோது அக்குபஞ்சர் கற்றுக்கொண்டவர். கடல் உள்ளே வந்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போன பிறகு, தூக்கம் வராமல் உட்கார்ந்திருந்த சனங்களுக்குக் காதில் ஊசி போட்டிருக்கிறார். இங்கேயும் சனிக்கிழமை சாயங்காலம் மறைக்கல்வி ஹாலில் வட்டமாக நாற்காலி போட்டு ஆட்களை உட்காரவைத்தார். யாரும் தன் கதையைச் சொல்லவேண்டியதில்லை, காதில் ஊசியோடு சும்மா உட்கார்ந்திருந்தால் போதும் என்பது அவருடைய ஏற்பாடு. அப்பாவுக்குப் பேசத்தானே முடியவில்லை, சும்மா உட்காரத்தான் நன்றாக வருமே என்று அம்மாவுக்குத் தோன்றியிருக்கிறது. டாக்டரிடம் கேட்டாள். உட்காரட்டும், ஆனால் மாத்திரையை விடக்கூடாது என்றார். சிஸ்டரும் அதையேதான் சொன்னார்.

"டாக்டர்கிட்ட போறதையும் நிறுத்தக்கூடாது. இது கூடமாட ஒத்தாசை, அவ்வளவுதான்."

ஊருக்குச் சொல்ல அம்மாவிடம் அடுத்த பொய் தயாராக இருந்தது. சனிக்கிழமை செபக்கூட்டத்துக்குப் போகிறோம்.

என்னை விட்டுவிட்டுப் போக ஆளில்லாததால் நானும் போனேன். அப்பா கதவுக்குப் பக்கத்து நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தார். சிஸ்டர் முடி மாதிரி மெல்லிய ஊசியை எடுத்துக் காட்டியதும் அப்பா நாற்காலியைக் கதவுப் பக்கம் இன்னும் தள்ளிக்கொண்டார். அம்மா உடனே, முதலில் எனக்குப் போடுங்கள், அவர் பார்க்கட்டும் என்று காதை நீட்டினாள். தோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். இரண்டு காதிலும் ஊசி ஏறியது. அவள் முகம் கூடச் சுளிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் தலை சாய்ந்து, வாய் திறந்து, மெல்லிய குறட்டையோடு தூங்கியே போனாள்.

எனக்கு மானம் போயிற்று. சிகிச்சைக்கு வந்தவர் அப்பா. பாதியில் தூங்குகிறவள் அம்மா! அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு சிஸ்டரிடம் திரும்பினார்.

"எனக்குக் காது குத்த மாமன் மடி வேணாமா சிஸ்டர்?"

வட்டத்தில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். வெடிப்புக்குப் பிறகு அப்பா அடித்த முதல் ஜோக் அது. நான் அதைக் கூடச் சரியாகக் கவனிக்கவில்லை, அம்மாவின் வாயை எப்படி மூடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

இப்படியே வாரங்கள் போயின. ஊசியை எடுத்ததும் சிஸ்டர் அப்பாவின் காதில் கடுகு போல ஒரு விதையை வைத்து, அதன் மேல் பிளாஸ்திரி ஒட்டிவிடுவார். பயம் வரும்போது அதை அழுத்தி மூச்சை மெதுவாக விடவேண்டும். அப்பா கதவோர நாற்காலியிலிருந்து ஒவ்வொன்றாக உள்ளே நகர்ந்தார். அம்மா ஒவ்வொரு வாரமும் உட்கார்ந்தாள், தூங்கினாள். ஊசி ஆளை மாற்றி வேலை செய்கிறது என்று நான் முடிவு கட்டினேன். அம்மாவுக்குப் போடுவதை நிறுத்தினால் அந்தச் சக்தியும் அப்பாவுக்கே போய்ச் சேரும் என்பது என் கணக்கு.

இந்த நிலையில்தான் அத்தைக்குச் செய்தி எட்டியது. அப்பாவின் அக்கா, குமணன்சாவடியில் இருந்தாள். அவள் பாட்டைத் தொடங்காமல் அந்த வட்டாரத்தில் எந்தச் செபக்கூட்டமும் தொடங்காது. தம்பி ஏதோ செபக்கூட்டத்துக்குப் போய்க் கொஞ்சம் குணமாகியிருக்கிறான், அதற்குத் தன்னை ஒரு வார்த்தை கூப்பிடவில்லை என்றால் அவள் பொறுப்பாளா? ஒரு சனிக்கிழமை தன் கூட்டாளிகள் இரண்டு பேரையும் கஞ்சிராவையும் கூட்டிக்கொண்டு ஆவடிக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

ஹால் வாசலில் வந்து நின்றாள். உள்ளே எல்லாரும் கண்ணை மூடி அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் அவளுக்கு ஆவி இறங்கியே விட்டது. கஞ்சிராவை ஓங்கித் தட்டி, அல்லேலூயா என்று ஒரு குரல் கொடுத்தாள். கூட வந்த இரண்டு பேரும் கைதட்டத் தொடங்கினார்கள். வட்டத்தில் இருந்தவர்கள் தூக்கிவாரிப் போட்டுக் கண் திறந்தார்கள். அப்போதுதான் அத்தை காதுகளைப் பார்த்தாள்.

"இன்னாடா இது? செபம்னு சொல்லிட்டு, காதுல ஊசிய குத்திகினு உக்காந்துகினு கீறீங்க?"

நான் அப்பாவைப் பார்த்தேன். முதல் தட்டிலேயே அவர் எழுந்துவிட்டிருந்தார். முகம் வெளுத்து, முதுகு சுவரைத் தேடிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான், எல்லாம் போயிற்று, இனி மாமாதான் மெழுகுவர்த்தி பிடிக்கப்போகிறார் என்று எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அத்தை மறுபடியும் கஞ்சிராவைத் தூக்கினாள். அப்பாவின் பார்வை அம்மாவின் மேல் போயிற்று. இத்தனை கலவரத்திலும் அம்மா அசையவே இல்லை. மடியில் தோடு இரண்டும் வைத்தது வைத்தபடி இருந்தன.

அப்பா சுவரை விட்டு வந்தார். ஊசியோடு நேராக அத்தையிடம் நடந்து போய், கஞ்சிராவின் சலங்கைகளை உள்ளங்கையால் பொத்திப் பிடித்தார்.

"யக்கா, சத்தம் போடாத. அவ தூங்கறா."

அத்தை அம்மாவை ஒரு நிமிடம் நன்றாகப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு இன்றும் நினைவிருக்கிறது, அப்போது அது என்னவென்று தெரியவில்லை. கஞ்சிராவைப் பைக்குள் திணித்துவிட்டு, காலியாக இருந்த நாற்காலியில் சத்தமில்லாமல் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, முட்டி வலிக்குக் கூட இதைப் போடுவீர்களா என்று சிஸ்டரிடம் ரகசியமாகக் கேட்டாள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் அம்மாவோடு சண்டை போட்டேன். எல்லாரும் கத்துகிறார்கள், அப்பா நடுங்குகிறார், நீ பாட்டுக்குக் குறட்டை விடுகிறாயே, வெட்கமாக இல்லையா என்று கேட்டேன். அசந்துவிட்டேன் என்று மட்டும் சொன்னாள். அப்பா என் தலையில் லேசாக ஒரு குட்டு வைத்தார்.

அத்தை எங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. சொந்தக்காரர்கள் எல்லாரிடமும், அது மௌன செபமாம், ரொம்ப விசேஷமாம் என்று அடித்துப் பேசினாள். அம்மாவின் பொய்க்கு அத்தை கை பட்டதும் அதற்கு இன்னும் மவுசு கூடிவிட்டது. என் புது நன்மை அன்று கோயில் வாசலில் சரவெடி வைத்திருந்த இளைஞர்களிடமிருந்து அத்தை அதைப் பெட்டியோடு பிடுங்கி, பட்டுப்புடவை மடியில் வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். யார் கேட்டும் தரவில்லை. பேண்டு மாஸ்டரையும் ஒரு முறை முறைத்தாள். அவர் டிரம்மை இறக்கி வைத்துவிட்டார்.

அப்பா வந்தார். என் வலது பக்கம் மெழுகுவர்த்தியோடு நடந்தார். நன்மை நேரத்துக்கு முன்னால் பீடத்து மணி அடித்தது, அதை அத்தையால் தடுக்க முடியவில்லை. அப்பாவின் ஒரு கை காதுக்குப் போயிற்று, விதையை அழுத்திக்கொண்டு மூச்சை விட்டார். மறு கையில் மெழுகுவர்த்தி ஆடி, என் வெள்ளை கவுனில் மெழுகு சொட்டியது. நான் கவுனைப் பார்க்காமல் அப்பாவையே பார்த்தேன்.

எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. மாத்திரை ரொம்ப நாள் ஓடியது, சனிக்கிழமைகளும் ஓடின. பிறகு அப்பா வேறொரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். குக்கரைப் பரணிலிருந்து அவரே இறக்கிக் கொடுத்தார். இன்றும் தீபாவளி அன்று டிவியைச் சத்தமாக வைத்துக்கொண்டு, என் பிள்ளைகளுக்கு உள்ளே உட்கார்ந்து கேரம் சொல்லிக்கொடுக்கிறார்.

போன மாதம் அவரிடம் போனில் புலம்பிக்கொண்டிருந்தேன். வானகரம் ஃப்ளாட்டில் லிஃப்ட் கதவு சாத்துகிற சத்தத்துக்கெல்லாம் முழித்துக்கொள்கிறேன், சின்ன வயதில் இடி விழுந்தாலும் எழுந்திருக்கமாட்டேனே, அந்தத் தூக்கம் எங்கே போனதோ என்றேன். அப்பா சிரித்தார்.

"நீ எங்க தூங்கின? நான் தூக்கத்துல அலறிகினு எழுந்துப்பேன். உங்கம்மா ஒரு கையால என்னைப் புடிச்சிகினு, இன்னொரு கையால உன் காதைப் பொத்திகினு விடிய விடிய உக்காந்திருப்பா."

அம்மா பக்கத்தில்தான் இருந்திருக்கிறாள். அதையெல்லாம் எதற்கு இப்போது சொல்கிறீர்கள் என்று அவள் சத்தம் போடுவது போனில் கேட்டது. ஊசி ஆளை மாற்றி வேலை செய்ததாகத்தான் நான் இத்தனை காலமும் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன்.