ஒரு ஜான் குறைந்த வம்சாவளி

துபாய் தேராவில் என் அலமாரிக்கு மேலே சுருட்டிய ஃப்ளெக்ஸ் ஒன்று பதினைந்து வருடமாகக் கிடக்கிறது. ரூம் மாறும்போதெல்லாம் தூக்கிப் போடச் சொல்வார்கள், நான் கேட்பதில்லை. விரித்தால் ஒரு மரம், கிளைக்குக் கிளை வெள்ளைக்கார ராஜாக்கள். இருக்க வேண்டிய ஒருவர் மட்டும் அதில் இல்லை. அவருக்காக வைத்திருக்கிறேனா, அவரைக் காணாமல் போக்கிய டிசைனர் அண்ணனுக்காகவா என்பது எனக்கே குழப்பம்தான்.

போர்டு, பேனர் அடிக்கும் கடையில் எங்களுக்கு வேலை. அவர் கம்ப்யூட்டரில் வரைவார், நான் வெட்டி ஒட்டுவேன். நம்ம தோசை மாதிரி ஏதோ ஒன்றை விற்க ஹோட்டல் திறந்த பிரெஞ்சுக்கார அம்மா ஒருவர், பிரான்சில் தன் ஊரான பிரிட்டனியை அந்தக் காலத்தில் ஆண்ட கோமகன்களின் வம்சாவளியைச் சுவர் நிறையக் கேட்டார். அவர் தந்த பட்டியலில் புருஷன், மனைவி பெயர்களும் பிறந்த, இறந்த வருடங்களும் மட்டும்தான். ஒரு ஜானுக்குக் கீழேயே இன்னொரு ஜான். அப்பனும் மகனும் என்றுதான் நான் நினைத்தேன். அண்ணன் வருடங்களை விரல் வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"அப்பன் உசுரோட இருக்கையில மகனுக்கு அவன் பேரையே வைப்பானுகளாடா? டைப் அடிக்கையில ரெண்டு தடவ விழுந்துருக்கு, வருசமும் மாறிப்போச்சு." ஒரே ஜான், இரண்டு மனைவி என்று கோட்டை இழுத்து முடித்துவிட்டார். ராஜாதானே, இருக்கும் என்று நானும் வெட்டி ஒட்டிவிட்டேன்.

அவர் அப்படி நினைத்ததற்குக் காரணம் இருந்தது. அவர் பிறக்கும் முன்பே அப்பா செத்துப்போய்விட்டார். அதனால்தான் அப்பா பெயரை இவருக்கு வைத்தார்கள். விசா ஃபாரத்தில் தன் பெயர், அப்பா பெயர் இரண்டு இடத்திலும் ஒரே பெயரைப் பார்த்து, "மிஸ்டேக், பாய்" என்று திருப்பிக் கொடுப்பார்கள். புருஷன் பெயரை வாயால் சொல்லாத அம்மா, இவரை "சாமி" என்று மட்டுமே கூப்பிட்டு வளர்த்தார். அந்த மாதம்தான் ஊரில் அண்ணனுக்கு மகன் பிறந்திருந்தான். முறைப்படி தாத்தா பெயர் வைக்க வேண்டும். ஆனால் அதுதானே அண்ணன் பெயரும்! "நீ இருக்கையில அது ஆகாது சாமி" என்று அம்மா போனில் அழுவார். வேறு பெயர் வைத்தால், முகமே பார்க்காத அப்பா தன்னோடு முடிந்துவிடுவாரே என்று இவர் தவிப்பார். பிள்ளை பெயரில்லாமலே கிடந்தது.

பிரெஞ்சுக்கார அம்மா ஃப்ளெக்ஸைப் பார்த்ததும் தலையில் கை வைத்தார். அந்த இரண்டு ஜானும் தகப்பனும் மகனுமாம். நாற்பது வருடத்துக்கு மேல் சேர்ந்தே வாழ்ந்தவர்களாம். முதலாளி போட்ட சத்தம் எதுவும் அண்ணன் காதில் ஏறவில்லை. "சேம் நேம்? ஃபாதர் லிவிங்?" என்று மூன்று தடவை கேட்டார். அந்த அம்மாவும் விழித்துக்கொண்டே மூன்று தடவை தலையாட்டினார்.

"நாப்பது வருசம்டா. ஒண்ணா உக்காந்து சாப்பிட்டுருப்பானுக" என்றார் என்னிடம். அவர் சிரித்தாரா, அழுதாரா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

புதிதாக அடித்துக் கொடுத்துவிட்டு லீவில் போனவர், மகனுக்குத் தன் பெயரையே வைத்துவிட்டார். அம்மா மூன்று நாள் பேசவில்லையாம். எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். இரண்டு வருடத்தில் அவர் வேலையை முடித்துக்கொண்டு ஊரோடு போய்விட்டார். பிறகு பேச்சும் விட்டுப்போனது.

போன வெள்ளிக்கிழமை தூசி தட்ட ஃப்ளெக்ஸை இறக்கினேன். ஒற்றை ஜானைப் பார்த்ததும் அண்ணன் மகனுக்கு வைத்த பெயர் ஞாபகம் வந்தது. அண்ணன் நல்லபடியாகத்தான் இருப்பாரா? பழைய நம்பரைத் தேடி எடுத்துப் போட்டேன். அதே குரல் மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. குழம்பிப்போய், அண்ணன் பெயரைச் சொல்லி இருக்கிறாரா என்று கேட்டேன்.

"ரெண்டு பேருமே சாப்பிட்டுக்கிட்டு இருக்கோம்" என்றது அந்தக் குரல். "உங்களுக்கு எந்த ஆளு வேணும்?"