மேட்டுப் பக்கம்

எழுபதுகளின் கடைசியில் தாண்டிக்குடியில் நான் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் வீடு மலையின் மேல் பகுதியில், காப்பித் தோட்டத்தை ஒட்டி இருந்தது. பள்ளிக்கூடம் கீழே ஊருக்குள். தோட்டத்தில் ஆளும் மூட்டையும் ஏற்றி இறங்கும்போது மகளையும் இடுக்கில் திணித்துக்கொள்வேன். ஒன்பது வயதில் ஒருநாள் அவள், இனி ஜீப்பில் வரமாட்டேன், தனியாக நடந்துதான் போவேன் என்று சொல்லிவிட்டாள்.

என் மனைவிக்குச் சொந்த ஊர் ஆயக்குடி. கொய்யாத் தோப்புகளில் நாளெல்லாம் திரிந்து வளர்ந்தவள்தான். ஆனால் அங்கே கால் தவறினால் வாய்க்காலில் விழலாம், அவ்வளவுதான். இங்கே ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் எட்டிப் பார்த்தால் தலை சுற்றும் பள்ளம். அனுப்பமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். மலையில் பிறந்தவளை மூட்டையோடு மூட்டையாக ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தால் எப்போதுதான் தனியாகப் போய்வரப் பழகுவாள் என்று நான் வாதாடி ஜெயித்தேன். ஜெயித்த அன்றிலிருந்தே அந்தப் பள்ளத்தை நானும் எட்டி எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். மனைவியிடம் மூச்சுவிடவில்லை.

அந்தச் சாலையில் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லித்தருவது இதைத்தான். ஹாரன் கேட்டால் மேட்டுப் பக்கம் ஒதுங்கி, மண்திட்டில் முதுகை ஒட்டி நிற்க வேண்டும். என்ன ஆனாலும் பள்ளத்துப் பக்கம் ஒதுங்கக் கூடாது. சில நாள் கூடவே நடந்து பழக்கினேன். சட்டென்று பிடித்துக்கொண்டாள். எந்த வண்டி வந்தாலும் ஒதுங்கினாள், என் வண்டியைத் தவிர.

எங்கள் மலையில் ஒவ்வொரு டிரைவருக்கும் ஹாரன் அடிப்பதில் ஒரு கைப்பழக்கம் உண்டு. வளைவுக்கு அந்தப் பக்கம் வருவது யார் என்று முகம் பார்க்காமலே சொல்லிவிடலாம். நான் இரண்டு தடவை குட்டையாக அடித்துவிட்டு ஒரு இழுப்பு இழுப்பேன். அதைக் கேட்டதும் என் மகள் சாலை நடுவில் வந்து இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்பாள். வண்டியை மறிக்கிறாளாம். நான் திட்டுவேன். வண்டியில் இருப்பவர்கள் சிரிப்பார்கள், யாராவது ஒரு ஆரஞ்சை எடுத்து நீட்டுவார்கள். வாங்கிக்கொண்டுதான் வழி விடுவாள். பொய் சொல்வானேன், அந்த இடம் எப்போது வரும் என்று நானும் பார்த்துக்கொண்டேதான் இறங்குவேன்.

ஐப்பசியில் ஒரு காலை, தோட்டத்தில் ஒரு பெண்ணுக்கு இடுப்புவலி கண்டது. பிள்ளை திரும்பிக் கிடக்கிறது, உடனே வத்தலக்குண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று மருத்துவச்சி சொல்லிவிட்டாள். அந்தப் பெண்ணையும் புருஷனையும் அவள் தாயையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். மழை விட்டு மூட்டம் இறங்கியிருந்தது. வண்டியின் மூக்கே எனக்குத் தெரியவில்லை. பிரேக் நனைந்துபோய், மிதித்தால் யோசித்துத்தான் பிடித்தது.

கொஞ்ச தூரம் போன பிறகுதான் எனக்கு உறைத்தது, இது என் மகள் பள்ளிக்கூடம் போகிற நேரம். என் ஹாரனை அடித்தால் நடுவில் வந்து கை விரிப்பாள். அடிக்காவிட்டால் வண்டி வருவதே தெரியாமல் நடந்துகொண்டிருப்பாள். எப்படியானாலும் அவள் என் சக்கரத்துக்கு முன்னால்தான். புருஷனை இறக்கி முன்னால் நடக்கவிட்டு, பின்னாலேயே ஊர்ந்து போகலாமா என்று வேகத்தைக் குறைத்தேன். அந்தத் தாய் பின்னாலிருந்து என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"வெரசா போங்க தம்பி. எம்புள்ளைக்குக் கண்ணு சொருகுதுய்யா."

நான் யார் பிள்ளையைப் பார்ப்பேன்? இருந்த கடவுளையெல்லாம் கூப்பிட்டேன். என் மகளுக்குத் தெரிந்த மாதிரி ஹாரனை அடிக்கக் கூடாது என்பது மட்டும்தான் தோன்றியது. முதல் தடவை மலையேறி வந்து மிரண்டுபோன லாரிக்காரன் மாதிரி, ஹாரனில் வைத்த கையை எடுக்காமல் அமுக்கிக்கொண்டே இறங்கினேன்.

ஓடையை அடுத்த வளைவில், என் கதவுக்கு எட்டும் தூரத்தில், மண்திட்டோடு ஒட்டிக்கொண்டு ஒரு சாக்குக் கொங்காணி தெரிந்தது. காலையில் மழைக்கென்று நானே மடித்து அவள் தலையில் கவிழ்த்துவிட்டது. சேறு தெறிக்காமல் முகத்தைத் திட்டுப் பக்கம் திருப்பியிருந்தாள். நான் கூப்பிடக்கூட இல்லை. கூப்பிட்டால் ஓடி வந்துவிடுவாளே. அடுத்த நொடி மூட்டம் மூடிக்கொண்டது. பின்சக்கரமும் அவளைத் தாண்டியதா, சேறு வழுக்கி விழுந்தாளா, எதுவும் எனக்குத் தெரியாது. வத்தலக்குண்டு வரைக்கும் அந்தப் பின்சக்கரத்தைத் தவிர எனக்கு வேறு நினைப்பில்லை.

தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். பொழுது சாய வீடு வந்து சேர்ந்தேன். என் மகள் அடுப்பங்கரையில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் பள்ளிக்கூடமே போகவில்லை, மதியம் வரை ஓடை வளைவிலேயே நின்றிருக்கிறாள், காப்பி பறிக்கிற பெண்கள்தான் பார்த்து அழைத்துவந்தார்கள் என்று மனைவி சொன்னாள். ஏன் நின்றாய் என்று கேட்டேன்.

"மூட்டத்துக்குள்ள எவனோ ஒரு கூறுகெட்டவன் அடிச்சுக்கிட்டே போனான்ப்பா. நான் ஒதுங்கிட்டேன். ஒங்க ஹாரன் மட்டும் வரவே இல்ல. பள்ளத்துல விழுந்து கெடக்கீங்களோன்னு அங்கனயே நின்னேன்."

அந்தக் கூறுகெட்டவன் நான்தான் என்று சொன்னேன். இனி யார் ஹாரன் கேட்டாலும் ஒதுங்க வேண்டும், அப்பா வண்டியானாலும் வண்டி வண்டிதான் என்றேன்.

"நீங்கன்னு தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சும்தான் தாயி."

மறுநாள் நல்ல வெயில். ஓடை வளைவுக்கு முன்னால் என் ஹாரனை அடித்தேன், இரண்டு குட்டை, ஒரு இழுப்பு. வளைவு திரும்பியதும் பார்த்தேன். மேட்டுப் பக்கம் மண்திட்டில் முதுகை ஒட்டி நின்றிருந்தாள். கையை விரிக்கவில்லை, சிரிக்கவும் இல்லை. நான் பழக்கிய மாதிரியே நின்றாள். பின்னால் ஒருவர் அவளுக்கு நீட்ட எடுத்த ஆரஞ்சைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். வண்டியை நிறுத்த ஒரு காரணமும் இல்லாமல் அவளைக் கடந்து போனேன்.