மூன்றாவது பட்டப்பெயர்

பழைய எகிப்து அரசர் ஒருவர் எழுந்து வந்து என் கவுண்டரில் நின்றிருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன். அவர்களுக்கு ஆளுக்கு ஐந்து பெயர்கள். நான் ஓய்வுபெறும்வரை வேலை பார்த்த பெயர்ப்பதிவு அலுவலகத்தின் படிவத்தில் பெயருக்கு இருந்தவை இரண்டே கட்டங்கள். ஆனாலும், குடியேறி வந்த நாட்டில், சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடியில் சிறுமியாக இருந்தபோது, நானே அந்த ஐந்து பெயர்களோடும் முடிசூடியிருக்கிறேன்.

வகுப்பில் எகிப்துப் பாடம். ஒவ்வொரு பிள்ளையும் தனக்கான அரச பெயர்களைப் புனைந்து பெற்றோர் முன்னிலையில் வாசிக்க வேண்டும். பருந்துப் பெயர், இரு தேவியர் பெயர், பொற்பருந்துப் பெயர், அரியணைப் பெயர், கடைசியில் பிறந்த பெயர். உதவிக்கு வந்தவர் சித்தப்பா. ஊர்ச் சங்கக் கூட்டங்களில் பொன்னாடை போர்த்துமுன் பிரமுகர்களின் பட்டங்களை மூச்சுவிடாமல் அடுக்குபவர் அவர்தான். எகிப்து அவருக்குப் புதிதாகவே தெரியவில்லை.

என் அக்கா பெரியபிள்ளையானபோது நடந்த சாமத்திய வீட்டு அழைப்பிதழைக் கையால் எழுதியவரும் அவரே. அதில் பெரியப்பாவின் பெயருக்குப் பின்னால் வரவேண்டிய 'சமாதான நீதவான்' விடுபட்டுவிட்டது. ஊரில் இருந்தபோது அரசாங்கம் அவருக்குக் கொடுத்த பட்டம். அன்று தொடங்கியது இரு வீட்டுக்கும் போர். பழி அம்மாமேல் விழுந்தது. விட்டது தான்தான் என்று சித்தப்பா ஒப்புக்கொள்ளவில்லை. பதினாறாம் மாடியில் இருந்த அம்மாவும் நாலாம் மாடியில் இருந்த அவருடைய சொந்த அக்காவான பெரியம்மாவும் லிஃப்டில் சந்தித்தால் எண் விளக்குகளையே பார்த்துக்கொண்டு போவார்கள்.

"இரு தேவியர் எண்டா மேல் நாட்டுக்குக் கழுகுத் தேவி ஒராள், கீழ் நாட்டுக்கு நாகபாம்புத் தேவி ஒராள். ரெண்டு பேரும் பக்கத்தில நிக்காட்டி முடி சூடேலாது. அது சட்டம்," என்றார் சித்தப்பா.

விதிமுறைகளோடு வாழ்ந்து முடித்தவள் என்ற முறையில் இப்போது சொல்கிறேன்: அப்படி ஒரு சட்டம் இல்லை. அன்று அதை நம்பி, பெரியம்மாவைக் கூப்பிட அழுதபடி நாலாம் மாடிக்கு ஓடினேன்.

"கொம்மா என்னவா நிக்கிறாவாம்?" என்று கேட்டார் பெரியம்மா.

"அவ கழுகு. நீங்கள் நாகபாம்பு."

"அப்ப வாறன்."

அம்மாவுக்குக் கழுகு பிடிக்கவில்லை. "பாம்பு வருது, கழுகு பயந்திட்டுதெண்டு கதைக்கப்போகினம் அண்ணி," என்றார் சித்தப்பா. அம்மா சேலையை எடுத்தார்.

பள்ளி மண்டபத்தில் இரு தேவியரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு என் இருபக்கமும் நின்றார்கள். கோன்ஃபிளேக்ஸ் பெட்டியில் செய்த முடி என் தலைக்குப் பெரிது. முதலிரண்டு பெயர்களும் ஒழுங்காகப் போயின. மூன்றாவதை, சித்தப்பா ஆங்கிலத்தில் எழுதித் தந்தபடியே உரக்க வாசித்தேன்: "சமாதான நீதவானின் பெறாமகள்."

பெரியம்மாவின் தலை சட்டென்று என் பக்கம் திரும்பியது. முடியும் அந்த நேரம் பார்த்துச் சரிந்தது.

"விழப்போகுது, அந்தப் பக்கத்தைப் பிடியடி!" என்றார் அம்மாவைப் பார்த்து.

"பிடிச்சுக்கொண்டுதானே நிக்கிறன், அக்கா."

மீதிப் பெயர்களை வாசித்து முடிக்கும்வரை இருவரும் கையை எடுக்கவில்லை. கைதட்டல் முழுவதும் எனக்கே என்று எடுத்துக்கொண்டேன்.

திரும்பி வந்தபோது லிஃப்ட் வாசலில் பெரியப்பா, கார்த் தரிப்பிடக் காவலாளியின் சீருடையில், வேலைக்குப் புறப்பட்டு நின்றார்.

"பிள்ளை, உந்த மூண்டாவது பேரைப் பெரியப்பாவுக்குச் சொல்லு," என்றார் பெரியம்மா.

சொன்னேன்.  பெரியப்பா தொப்பியைக் கழற்றி, ஒருமுறை பார்த்துவிட்டு, மறுபடி நேராக வைத்துக்கொண்டார்.

அரசருக்கு அப்படித்தான் வணக்கம் செய்வார்களாக்கும் என்று எண்ணி, நானும் என் முடியைச் சரிசெய்து, தலையசைத்து, அவர் வேலைக்குப் போக அனுமதி கொடுத்தேன்.