காசு வாங்கிய சாட்சி

குருத்து ஞாயிறு பூசையில் லூர்தம்மாள் பதிலுரைப் பாடலைப் பாடிக்கொண்டிருந்தாள். மூன்றாவது அடியில் தொண்டை அடைத்து வெறும் காற்றுதான் வந்தது. பாடகர் குழுவின் பின்வரிசையில் நின்ற ரெனிதா சட்டென்று அந்த அடியை எடுத்துப் பாடி முடித்தாள். இருவர் பாடுவதாகத்தான் ஏற்பாடு என்று சனங்கள் நினைத்துக்கொண்டார்கள். ரெனிதா அதைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை. லூர்தம்மாள் நன்றி சொல்லவில்லை. இருபது வருஷமாகப் பாடுகிறவளுக்கு நேற்று வந்தவள் முட்டுக் கொடுப்பதா என்று மனசில் ஒரு முள் தங்கிவிட்டது.

ரெனிதா சேக்காட்டில் ரவிக்கை தைப்பவள். மிஷினை மிதித்தபடியே பாடுவதைப் போனில் பிடித்து யூடியூபில் போட்டாள். ஆறே மாதத்தில் அதை நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள். பூசை முடிந்தால் பெண்கள் அவளோடு படம் எடுக்க நிற்பார்கள். ஒருநாள் ஒருத்தி, எடுத்துக் கொடுக்கச் சொல்லிப் போனை லூர்தம்மாள் கையிலேயே திணித்தாள். எடுத்தாள். ரெனிதாவின் தலை பாதிதான் விழுந்தது. தெரிந்தே செய்ததுதான். அதற்காக வீட்டில் ஒரு ஜெபமாலை சொன்னாள். அப்போதும் எரிச்சல் அடங்கவில்லை.

இருவரும் இருந்த தெருவில் வாரம் ஒரு வீட்டில் அன்பியக் கூட்டம் கூடும். வேதம் வாசித்து, கிடைத்த நன்மைகளைச் சாட்சியாகச் சொல்லி, கடைசியில் ஆளுக்கொரு மன்றாட்டு வைப்பார்கள். ஒரு வாரம் ரெனிதா, புதிதாக வந்த ஒரு பக்திப் பாட்டைக் கேட்டதில் தன் மனபாரம் இறங்கியதென்று சாட்சி சொன்னாள். மறுவாரம் ஒரு தைலத்தால் கழுத்துவலி விட்டதென்றாள். முட்டிவலிக்கார புஷ்பா இரண்டு பாட்டில் வாங்கினாள்.

அந்தப் பாட்டை வெளியிட்ட ஜெர்வினைத் தேடி லூர்தம்மாள் ஒருவருக்கும் தெரியாமல் அம்பத்தூருக்குப் போனாள். தனக்கும் ஒரு பாட்டுக் கொடுக்கும்படி கேட்டுப் பாடியும் காட்டினாள். அவன் பொறுமையாகக் கேட்டான்.

“குரல் நல்லாத்தான் கீது ஆன்ட்டி. ஆனா பாட ஆளு கீறாங்க. பாட்டு கேட்டு நல்லது நடந்துச்சுன்னு சொல்லத்தான் ஆளு வேணும், ரெனிதாக்கா மாதிரி. காசு குடுத்துருவோம். குடுக்கறத மட்டும் வெளிய சொல்லக்கூடாது.”

யோசித்துச் சொல்வதாக எழுந்து வந்தாள். திரும்பும் பஸ்ஸில் அவளுக்கு ஏமாற்றமாகவே இல்லை. சந்தோஷம் பொங்கியது.

அடுத்த கூட்டம் லூர்தம்மாள் வீட்டில். மன்றாட்டு முறை வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்: “காசு வாங்கிக்கொண்டு உம்முடைய பெயரால் சாட்சி சொல்கிறவர்கள் மனம் திரும்பும்படியாக, ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்.”

பழக்க தோஷம், எல்லோரும் ஒரே குரலில், “ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்றார்கள். ரெனிதாவும் சொன்னாள். சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கொஞ்ச நேரம் குனிந்தபடி இருந்தாள்.

“அக்கா என்னயத்தான் சொல்றாங்க” என்றாள். “பாட்டு நெசமாவே புடிச்சிருந்துச்சு. தைலத்த நான் தேச்சே பாக்கல. ரெண்டுக்கும் காசு வாங்கினேன். அத நான் சொல்லல.”

“அப்ப எம்முட்டிக்கு இன்னாடி பதிலு?” என்றாள் புஷ்பா.

யாரும் சிரிக்கவில்லை. லூர்தம்மாள் எல்லோருக்கும் டீ கொடுத்தாள். ரெனிதா குடிக்கவில்லை.

அதற்கப்புறம் ரெனிதா போனில் பாடவில்லை. கோவிலில் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாள். தைக்கக் கொடுத்த துணிகளைப் பாதிப்பேர் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். தவக்காலம் தொடங்கியபோது அவள் புருஷன் ஆன்டோ காட்டுப்பாக்கத்தில் வீடு பார்த்துவிட்டார். லூர்தம்மாள் நினைத்ததுபோல் கோவிலில் பாடுவது முழுக்க அவளுக்கே கிடைத்தது. பூசை முடிந்து அவளோடு படம் எடுக்க ஒருத்தரும் நிற்கவில்லை.

சாமான் ஏற்றுகிற அன்று லூர்தம்மாள் போய் நின்றாள். மன்னிப்புக் கேட்கத்தான் போனாள். அதற்குப் பதில் தையல் மிஷினின் ஒரு பக்கத்தைப் பிடித்து வண்டியில் ஏற்ற உதவினாள். மறுபக்கம் பிடித்த ரெனிதா மெதுவாகச் சொன்னாள்: “நீ போய் பாடிக் காட்டினத ஜெர்வின் அன்னிக்கே போன்ல சொன்னான்க்கா.”

கூட்டத்தன்று ரெனிதா குனிந்திருந்த அந்தக் கொஞ்ச நேரம் லூர்தம்மாளுக்கு இப்போதுதான் புரிந்தது. ஜெர்வினிடம் போனதை எல்லோர் முன்னாலும் போட்டு உடைத்திருக்கலாம்; ரெனிதா உடைக்கவில்லை.

ரெனிதா மிஷினைத் தள்ளி உள்ளே வைத்துவிட்டு முன்சீட்டில் ஏறினாள். வண்டி கிளம்பும்போது தலையை வெளியே நீட்டினாள்.

“குருத்து ஞாயிறு வருதுக்கா. சுருதிய ஒரு கட்டை கீழ எடு. மூணாவது அடில உனக்குத் தொண்ட அடைக்கும். இனிமே பின்னால நான் இருக்க மாட்டேன்.”