ஜன்னல்கள் எல்லாம் ஒரே பக்கம் பார்க்கும் வீடு

ஹெப்பகோடிக்கு அப்பால் உள்ள வேட்டை பங்களாவுக்கு நான் போனது கட்டடக் கலையில் இருந்த ஆர்வத்தால் அல்ல. யுத்தம் தொடங்கிப் பெட்ரோலுக்குக் கட்டுப்பாடு வந்த சமயம், ஒரு டிசம்பரில், என் தங்கை ஸ்டெல்லா கைக்குழந்தையோடு காக்ஸ் டவுனில் உள்ள எங்கள் வீட்டுக்கே திரும்பி வரப்போவதாகச் சொல்லி அனுப்பினாள். அவள் கணவர் ஆரோக்கியம் அந்த பங்களாவைக் குத்தகைக்கு எடுத்து, பசுக்கள் வைத்து, பட்டாளத்து முகாமுக்குப் பால் அனுப்பி வந்தார். வீட்டில் ஒரு குறையும் இல்லை, மச்சானே வந்து பார்த்து அவளுக்குச் சொல்லட்டும் என்று அவரும் சொல்லி அனுப்பினார். இரண்டு செய்தியையும் கொண்டுவந்தது ஒரே பால்காரர்.

காலை ஏழு மணிக்கு அடுகோடியில் பஸ் கிடைக்கும். பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் ஓட, பின்னால் கரி அடுப்பு கட்டிய பஸ். கட்டணம் ஐந்து அணா. மேட்டில் இறங்கித் தள்ளுவதற்குத் தனியாக ஒன்றும் வாங்குவதில்லை. பத்து மைலுக்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று. ஹெப்பகோடியிலிருந்து இன்னும் இரண்டு மைல். ஜட்காவுக்கு எட்டணா.

ஜட்கா ஓட்டிய பாஷா, இடத்தைக் கேட்டதுமே நிபந்தனை போட்டார்.

"சுவர் வரைக்கும்தான் சார். உள்ளே குதிரை வராது."

"குதிரைக்குப் பயமா, உமக்கா?"

"எனக்கென்ன சார் பயம்? ஆனா நம்ம வண்டியில மூளை இருக்கிறது அது ஒண்ணுக்குத்தான். அது சொன்னா நான் கேட்டுக்குவேன்."

சொன்னபடியே சுவர் தொடங்கும் இடத்தில் குதிரை நின்றுவிட்டது. பனி இன்னும் விலகவில்லை. மார்பளவு உயரத்தில் இரண்டு கல் சுவர்கள். தொடக்கத்தில் ஒன்றுக்கொன்று முந்நூறு கஜ தூரம். போகப் போக நெருங்கி, வீட்டருகே இருபது அடியாகக் குறுகுகின்றன. தோட்டத்துச் சுவர் என்று நினைத்து நடுவே நடந்தேன். பாதி தூரத்தில், ஏனென்று தெரியாமல் என் நடை வேகமாயிற்று. பனிக்குள்ளிருந்து வீடு வெளிப்பட்டபோது காரணம் தெரிந்தது. அதன் ஜன்னல்கள் எல்லாமே முன்பக்கம் இருந்தன. எல்லாம் என்னைப் பார்த்தன. பின்பக்கத்திலும் பக்கவாட்டிலும் வெறும் கல் என்பதைப் பிறகு சுற்றிப் பார்த்தேன்.

அறுபது வருஷத்துக்கு முன் ஒரு வெள்ளைக்காரத் துரை கட்டியது. காட்டில் ஆட்களை விட்டுத் தப்பட்டை அடித்தால் மானும் பன்றியும் இந்தச் சுவர்களுக்கு நடுவே ஓடிவரும். துரை வெராண்டாவில் நாற்காலி போட்டுக் காத்திருப்பார். அலைச்சல் முழுவதையும் மிருகங்களிடம் ஒப்படைத்துவிட்ட கட்டடம். வெராண்டாவின் கைப்பிடிச் சுவரில் துப்பாக்கி வைக்க வழவழப்பான பள்ளங்கள் உண்டு. கூடத்தில், கொம்புகள் மாட்டியிருந்த இடங்களில் அவற்றின் வடிவத்திலேயே கறை. மூன்று முறை சுண்ணாம்பு அடித்தும் மேலே வந்துவிடுகிறதாம்.

ஆரோக்கியம் என்னைக் கூடத்து நடுவில் நிறுத்தினார். கடப்பைக்கல் தரை. மேலே தேக்கு உத்தரத்தில் ஆறு இரும்புக் கொக்கிகள். நடுக் கொக்கியில் ஸ்டெல்லாவின் நீலப் புடவையில் தூளி.

"ஒரு ஆணிகூட அடிக்கல மச்சான். தூளிக்குன்னே செஞ்சு வெச்ச மாதிரி இருக்கு பாருங்க."

ஸ்டெல்லா மடியில் குழந்தை வீறிட்டுக் கத்திக்கொண்டிருந்தது. எழுந்து அதைக் கொண்டுபோய்த் தூளியில் போட்டாள். அழுகை நின்றது. அது தணியவில்லை, அப்படியே நின்றுபோயிற்று. எட்டிப் பார்த்தேன். குழந்தை தூங்கவில்லை. கண்ணை அகல விரித்து, அசையாமல், கொக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"தினமும் இப்படித்தான்ணா. எடுத்தா அழுவுது, போட்டா மூச்சுகூட விடுதான்னு பாக்க வேண்டியிருக்கு."

"ஊர்ல பிள்ளை தூங்கலன்னு அழுவாங்க மச்சான். உங்க தங்கச்சி பிள்ளை அழலன்னு அழுவுறா!"

"சிரிங்க. அண்ணா வீடு நல்லாருக்குன்னு சொல்லட்டும், நான் இங்கேயே இருக்கேன். ஆனா இதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க."

ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து வாசற்படி அருகே சாய்த்தாள். சமதளம் என்று நான் நினைத்த தரையில் அது தயங்காமல் ஓடியது. எந்த மூலையிலிருந்து ஊற்றியிருந்தாலும் அங்கேதான் போயிருக்கும். தூளிக்கு நேர் கீழே கூடி, ஒரு சுற்றுச் சுற்றி, கல்லில் வெட்டிய சிறு வாய்க்கால் வழியாகச் சுவர் ஓட்டைக்குள் மறைந்தது.

"வீட்டுக் கூடத்துக்கு எதுக்கு இந்த ஓட்டை?"

"கழுவத்தான்," என்றார் ஆரோக்கியம்.

"எதைக் கழுவ?" என்றாள் ஸ்டெல்லா.

அவர் மேலே பார்த்தார். ஆறு கொக்கிகளையும் வரிசையாகப் பார்த்தார். பால் கறக்கும் மனிதர். ஆனாலும் கசாப்புக் கடையைப் பார்த்திருக்கிறார். பிறகு குழந்தையை இரு கையாலும் வாரி எடுத்து அவளிடம் கொடுத்துவிட்டு, ஸ்டூலைப் போட்டு ஏறி, தாமே முடிச்சை அவிழ்த்தார்.

பின்னால் ஆரோக்கியமே போட்ட சமையல் கொட்டகை ஒன்று இருக்கிறது. மூங்கில் கோணல், ஓடு கோணல், புகை போக வழியில்லை. அங்கே தூளி கட்டினோம். குழந்தை கொட்டகையே இடியும்படி அழுதது. ஸ்டெல்லா அந்தச் சத்தத்துக்குப் பக்கத்திலேயே பாயை விரித்துப் படுத்து, உடனே தூங்கிப்போனாள். ஊருக்கு வருவதைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. கூடம் இப்போது மாட்டுத் தீவனத்துக்கு. பசுக்கள் மட்டும் அதற்குள் வர மறுக்கின்றன.

மறுநாள் காலை வெராண்டாவில் பாஷாவுக்காகக் காத்திருந்தேன். பனி கலைந்து, தூரத்தில் ஓர் உருவம் சுவர்களுக்கு நடுவே தெரிந்தது. குதிரையை வெளியே விட்டுவிட்டு அவர்தான் என் பெட்டியை எடுக்க நடந்து வந்துகொண்டிருந்தார். நல்ல மனிதர், எனக்காக வருகிறார். அவர் பாதி தூரம் வந்த பிறகுதான் கவனித்தேன்: என் முழங்கை கைப்பிடிச் சுவரின் பள்ளத்தில் ஊன்றியிருந்தது. இடது கண்ணை மூடியிருந்தேன்.

போக விரும்புகிறவர்களுக்கு: டிசம்பர் நல்ல மாதம், கம்பளி அவசியம். கடைசி பஸ் மாலை நாலு மணிக்கு. ஆரோக்கியம் கிழக்குச் சுவரை இடித்து ஒரு வழி விட்டிருக்கிறார். அதில் போங்கள், நடுவே நடக்க வேண்டாம். பால் காப்பி அருமையாக இருக்கும். வெராண்டாவில் நாற்காலி போடுவார்கள். அதை வீட்டைப் பார்க்கத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்காருங்கள்.